பதிவேடு முதல் தரவுத்தளம் வரை: நம் விவரங்களைக் காப்பது எப்படி?

ஒருவர் பிறந்த நாளிலிருந்தே அவருடைய பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கை, அடையாள அட்டை, இ.பி.எஃப்., சொக்சோ, வங்கிக் கணக்கு, மருத்துவமனை அட்டை, கைப்பேசி இணைப்பு, ஆலய உறுப்பியம் என்று இந்தப் பட்டியல் நீளும். முன்பு இவை தடித்த புத்தகங்களாக அலுவலக அலமாரிகளில் இருந்தன. இன்று பெரும்பாலும் கணினிக்குள் தரவுத்தளங்களாக இருக்கின்றன.

அலமாரிப் புத்தகத்தைத் திருட வேண்டுமானால் அலுவலகத்திற்குள் நுழைந்து அதைத் தூக்கிச் செல்ல வேண்டும். மறுநாள் காலையிலேயே புத்தகம் காணவில்லை என்பது தெரிந்துவிடும். தரவுத்தளத்தில் கைவைப்பவர் நகல் எடுத்துச் செல்கிறார். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் திருட்டு நடந்தது பல மாதங்கள் கழித்தே தெரியவருவதும் உண்டு.

அப்படிக் களவுபோன விவரங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் நம் கைப்பேசி. "போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறேன்" என்று ஒருவர் அழைக்கிறார். நம் முழுப் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொல்கிறார். இவ்வளவும் தெரிந்தவர் உண்மையான அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி, வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு.

தரவுத்தளம் எப்படி இயங்குகிறது, அதைக் காக்கும் அடிப்படைகள் எவை, தனிமனிதரும் நம் சங்கங்களும் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பார்ப்போம்.

செக்ரோலும் தரவுத்தளமும்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று குறிப்பார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாதக் கடைசியில் அந்த வரியைக் கூட்டித்தான் சம்பளக் கணக்குப் போடுவார்கள்.

இன்று பரவலாகப் புழங்கும் தரவுத்தளத்தின் வடிவமும் ஏறக்குறைய இதுதான். அது ஓர் அட்டவணை. ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒரு விவரத்திற்கு ஒரு பத்தி. ஆனால் ஒரே ஓர் அட்டவணை போதாது. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் ஒரு புத்தகம், முன்பணக் கணக்கு இன்னொரு புத்தகம், வீட்டு ஒதுக்கீடு மூன்றாவது புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் ஒரே தொழிலாளியின் வீட்டு எண் எழுதப்பட்டிருக்கிறது. அவர் வேறு லயத்திற்கு மாறியபோது ஒரு புத்தகத்தில் மட்டும் திருத்தினால், மற்ற இரண்டும் பழைய விவரத்தையே சொல்லும். எது சரி என்று பிறகு யாராலும் அறுதியிட்டுக் கூற முடியாது.

இந்தச் சிக்கலுக்குத் தெளிவான வழி காட்டியவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். 1970-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளம். விவரங்களை அட்டவணைகளாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு விவரம் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். மற்ற அட்டவணைகள் ஓர் எண்ணைக் கொண்டு அதைச் சுட்ட வேண்டும் என்பது அந்த முறையின் சாரம். வீட்டு எண் ஓர் அட்டவணையில் இருந்தால் போதும். முன்பணக் கணக்கில் தொழிலாளியின் எண் மட்டும் இருக்கும். வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தியதாகிவிடும். இந்தப் பணிக்காகக் காட் 1981-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றார்.

அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழி வேண்டுமல்லவா? 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் அதை உருவாக்கினார்கள். எஸ்.கியூ.எல். என்று இன்று அழைக்கப்படும் அந்த மொழியே வங்கி, மருத்துவமனை, இணையக் கடை என எங்கும் புழங்குகிறது. "இந்த மாதம் 20 நாளுக்குமேல் வேலை செய்தவர்கள் யார்?" என்று அதில் கேட்டால் நொடியில் பட்டியல் வரும். கிராணி பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. அதே வேகம் திருடனுக்கும் உதவும் என்பதுதான் கவலை.

பெயர் போதாது, எண் வேண்டும்

ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருந்தால் மேட்டு லயத்து முனியாண்டி, ஆற்றோரத்து முனியாண்டி என்று பிரித்துச் சொல்வார்கள். கணினிக்கு அந்த வழக்கம் தெரியாது. அதோடு, ஒரே பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்திலும், அடையாள அட்டையில் இன்னோர் எழுத்திலும், பள்ளிச் சான்றிதழில் வேறோர் எழுத்திலும் இருப்பது நம் சமுதாயத்தில் புதிதல்ல. தமிழ்ப் பெயரை ரூமி எழுத்தில் எழுதும்போது பதிவு செய்பவர் காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு அது.

எனவே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட, இரண்டு பேருக்கு ஒருபோதும் ஒன்றாக இல்லாத ஓர் எண் தேவை. தரவுத்தளத் துறையில் இதை முதன்மைத் திறவு என்பார்கள். மலேசியாவில் அந்த வேலையை அடையாள அட்டை எண் செய்கிறது.

12 இலக்கம் கொண்ட அந்த எண்ணை உற்றுப் பாருங்கள். முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணை மட்டும் பார்த்தே ஒருவரின் வயது, பிறந்த மாநிலம், பாலினம் மூன்றையும் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திறவு என்று பெயர் இருந்தாலும் அடையாள எண் எந்தப் பூட்டையும் திறக்கக் கூடாது. அது ஒருவரைச் சுட்டும் எண். பெயர் எப்படியோ அப்படி. பள்ளி, மருத்துவமனை, வங்கி, காவலர் சாவடி, வேலை விண்ணப்பம் என்று எத்தனையோ இடங்களில் அதைக் கொடுத்திருக்கிறோம். பலர் கையிலும் இருக்கும் ஒன்று ரகசியமாக இருக்க முடியாது. எனவே அந்த எண்ணைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக அழைத்தவர் அதிகாரி ஆகிவிட மாட்டார். அதே காரணத்தால், எண்ணைச் சொன்னவுடன் கணக்கைத் திறந்துவிடும் நிறுவனமும் தவறு செய்கிறது.

சிங்கப்பூரில் இது பெரிய விவாதமாகவே எழுந்தது. 2024 டிசம்பரில் அங்கே வணிகப் பதிவுக்கான பிஸ்ஃபைல் இணையத்தளத்தில், பெயரைத் தேடினால் முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்தது. மக்கள் கொதித்தெழ, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அடையாள எண்ணைக் கடவுச்சொல்லாகவோ ஒருவரை உறுதிப்படுத்தும் சான்றாகவோ பயன்படுத்துவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்பதும் அதன்பின் வலியுறுத்தப்பட்டது.

பாதுகாப்பின் மூன்று தூண்கள்

தகவல் பாதுகாப்பு என்றவுடன் பலருக்கும் ரகசியம் மட்டுமே நினைவுக்கு வரும். துறை வல்லுநர்கள் மூன்றைச் சொல்வார்கள்.

முதலாவது, ரகசியம். பார்க்க உரிமை உள்ளவர் மட்டுமே பார்க்க வேண்டும். நோயாளியின் நோய் விவரத்தை மருத்துவர் பார்க்கலாம். வாகன நிறுத்துமிடக் கட்டணம் வசூலிப்பவர் பார்க்கத் தேவையில்லை.

இரண்டாவது, பிழையின்மை. பதிவில் உள்ளது உண்மையாகவும், அனுமதியின்றி மாற்றப்படாததாகவும் இருக்க வேண்டும். செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் ஒரு நாள் கூலி போகும். பிறந்த தேதி மாறிப் பதிவானால் சேமநிதியை எடுக்கும் வயதில் அலைச்சல் தொடங்கும். பிறப்புப் பதிவில் நேர்ந்த பிழையால் குடியுரிமைக்காகப் பல ஆண்டுகள் அலைந்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். யாரும் எதையும் திருடாமலே ஒரு பதிவு மனிதரைப் பாதிக்க முடியும்.

மூன்றாவது, கிடைக்கும் நிலை. தேவைப்படும் நேரத்தில் விவரம் கைக்குக் கிடைக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, வீட்டுச் சாமான்களோடு பத்திரங்களையும் பறிகொடுத்தவர்கள் பலர். கணினிக்கும் இப்படி வெள்ளம் வரும். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கணினிக் கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின.

ஒரு பதிவேடு பாதுகாப்பாக இருக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள் கேட்டால் போதும். யார் பார்க்கலாம்? யார் மாற்றலாம்? தொலைந்தால் மீட்க முடியுமா?

பாதியில் நிற்காத பரிமாற்றம்

பிழையின்மையைக் காக்கத் தரவுத்தளத்திற்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. நீங்கள் மகளுடைய கணக்கிற்கு 500 ரிங்கிட் அனுப்புகிறீர்கள். கணினி இரண்டு வேலை செய்ய வேண்டும். உங்கள் கணக்கில் 500-ஐக் கழிக்க வேண்டும், மகளின் கணக்கில் 500-ஐச் சேர்க்க வேண்டும். கழித்த மறுகணம் மின்சாரம் போய்விட்டால் பணம் எங்கே?

இந்த இரண்டையும் ஒரே செயலாகக் கட்டிவிடுவதுதான் தீர்வு. முழுவதும் நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பும். இதற்காகத் தரவுத்தளம் செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும். மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டைப் படித்து, அரைகுறையாக நின்றதை ரத்து செய்யும், முடிந்ததை உறுதிப்படுத்தும். இந்தத் துறைக்கு வழிவகுத்த ஜிம் கிரே என்ற அமெரிக்கருக்கு 1998-ஆம் ஆண்டு டூரிங் விருது வழங்கப்பட்டது. இணைய வங்கிச் சேவையை நாம் நம்பிப் பயன்படுத்துவதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது.

சாதாரண எக்செல் தாளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. சங்கக் கணக்கை எக்செல்லில் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

யாருக்கு எவ்வளவு உரிமை?

தோட்டத்தில் பால் நிறுத்தவர் ஒருவர், பெயர் குறித்தவர் ஒருவர், கணக்குப் போட்டவர் ஒருவர், கையெழுத்திட்டவர் துரை. எல்லா வேலையும் ஒரே கையில் இருந்தால் தவறும் நடக்கும், தவறு தெரியாமலும் போகும் என்பது பழைய அனுபவம்.

கணினிப் பாதுகாப்பிலும் இதே விதிதான். 1975-ஆம் ஆண்டு ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பாதுகாப்புக்கான நெறிகளைத் தொகுத்து எழுதினார்கள். அவற்றில் முக்கியமானது, ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவு மட்டுமே உரிமை கொடுக்க வேண்டும் என்பது. முகப்பில் பதிவு செய்யும் ஊழியர் ஒரு நோயாளியின் முகவரியைப் பார்த்தால் போதும். ஆயிரம் பேரின் பட்டியலை ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளும் வசதி அவருக்கு எதற்கு?

உரிமை கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. யார், எப்போது, எதைப் பார்த்தார், எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை வேறொருவர் அவ்வப்போது படிக்கவும் வேண்டும்.

கடவுச்சொல் எப்படிச் சேமிக்கப்படுகிறது?

நல்ல தரவுத்தளம் உங்கள் கடவுச்சொல்லை வைத்திருக்காது. அதை ஒரு கணித முறையில் அரைத்து, கிடைக்கும் மாவை மட்டும் வைத்திருக்கும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. மறுபடி நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறுபட வேண்டும் என்பதற்காக, அரைக்கும் முன் ஆளுக்கொரு துணுக்கைக் கலப்பார்கள். இதற்கு உப்பு என்றே பெயர். ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இலேயே இந்த முறையை விளக்கி எழுதிவிட்டார்கள்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று தட்டியவுடன் ஓர் இணையத்தளம் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பினால், அது அதை அரைக்காமல் வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே பயன்படுத்திய கடவுச்சொல்லை வேறெங்கும் வைத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டாவது சான்று கேட்பது இன்னும் பாதுகாப்பு. குறுஞ்செய்தியில் வரும் டேக் எண் அப்படி வந்ததுதான். ஆனால் மோசடிக்காரர்கள் அந்த எண்ணையும் பேச்சால் கறந்துவிடுகிறார்கள். போலிச் செயலியை இறக்க வைத்துக் குறுஞ்செய்திகளைத் திருடுகிறார்கள். அதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி உறுதிப்படுத்துவதைக் கைவிட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இன்று வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் கேட்பது இதன் விளைவு.

படிவத்தின் வழியாக நுழையும் கட்டளை

கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையும் வழியும் உண்டு. சீட்டில் எழுதியதை அப்படியே படித்து அதன்படி செய்யும் ஒரு வேலையாளை எண்ணிப் பாருங்கள். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவன் "முனியாண்டி, அலமாரியைத் திறந்து எல்லாப் புத்தகங்களையும் கொடு" என்று எழுதித் தருகிறான். வேலையாள் அதையும் படித்து, அலமாரியைத் திறந்துவிடுகிறார்.

சரியாக எழுதப்படாத இணையத்தளங்களில் நடப்பது இதுதான். பெயர், தேடுசொல் கேட்கும் கட்டத்தில் எஸ்.கியூ.எல். கட்டளையை எழுதி அனுப்பினால், தரவுத்தளம் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு விவரங்களைக் கொட்டிவிடும். 1998-ஆம் ஆண்டு முதலே வெளிப்படையாகப் பேசப்பட்டுவரும் ஓட்டை இது. தீர்வும் எளிது. பயனர் எழுதுவது எதுவானாலும் அது வெறும் விவரம், கட்டளை அல்ல என்று நிரலில் தெளிவாகப் பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால், "முனியாண்டி, அலமாரியைத் திற" என்பது விசித்திரமான ஒரு பெயராக மட்டுமே பதிவாகும். ஆலயத்திற்கோ சங்கத்திற்கோ இணையத்தளம் செய்து தருபவரிடம், இதைச் செய்திருக்கிறீர்களா என்று கேட்பது நம் உரிமை.

சிங்ஹெல்த் கற்பித்த பாடம்

மேலே சொன்ன அடிப்படைகள் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018-இல் சிங்கப்பூர் கண்டது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி உள்ளிட்ட விவரங்கள் களவுபோயின. அவர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் தேடப்பட்டன.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்டிலேயே ஒரு பணியாளரின் கணினி வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பல மாதங்கள் சத்தமில்லாமல் நகர்ந்து, 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை விவரங்களை எடுத்தார்கள். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லையே ஓரிரு எழுத்து மாற்றி எழுதியதாக இருந்தது. ஜூன் மாதத்திலேயே சந்தேகத்திற்குரிய நுழைவு முயற்சிகள் ஊழியர்கள் கண்ணில் பட்டன. ஆனால் மேலிடத்திற்கு உரிய நேரத்தில் செய்தி போகவில்லை.

ஜூலை 4-ஆம் தேதி தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான கேள்விகள் தரவுத்தளத்தில் ஓடுவதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்தே திருட்டு தடுத்து நிறுத்தப்பட்டது. விலையுயர்ந்த கருவிகள் ஒருபுறம் இருக்க, தம் பதிவேட்டின் இயல்பான நடமாட்டம் தெரிந்த ஒரு மனிதரின் கண்தான் அன்று உதவியது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், கணினி முறையை நிர்வகித்த நிறுவனத்திற்கு 7 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும் சிங்ஹெல்த்திற்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும் அபராதம் விதித்தது.

மலேசியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவும் தப்பவில்லை. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்திருப்பதை லோயாட்.நெட் இணையத்தளம் வெளிப்படுத்தியது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருப்பதே அதற்குக் காரணம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வணிகம் தொடர்பாக நம் விவரங்களைப் பெறுபவர், எதற்காகப் பெறுகிறார் என்று சொல்ல வேண்டும். அனுமதியின்றி வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்கவும், தவறிருந்தால் திருத்தச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. 21 நாளுக்குள் அவர்கள் அதற்குப் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

2024-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், விவரக் கசிவு ஏற்பட்டால் நிறுவனம் 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு நேரக்கூடியதாக இருந்தால் சம்பந்தப்பட்ட மக்களுக்கும் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. வணிகம் சாராத பதிவுகளும் இதன் வரம்பிற்கு வெளியே நிற்கின்றன. ஆனால் ஓர் உறுப்பினர் பட்டியல் வெளியே போய்விட்டால், பாதிக்கப்படுபவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது.

நம் கையில் உள்ள பதிவேடுகள்

வங்கியையும் அரசாங்கத்தையும் பற்றிப் பேசும் நாம், நம்மிடமும் தரவுத்தளம் இருப்பதை மறந்துவிடுகிறோம். ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், மரண சகாய நிதி, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றிலும் உறுப்பினர் பட்டியல் உண்டு. உதவிநிதிக்கு விண்ணப்பித்த குடும்பங்களின் பெயர், அடையாள எண், வருமானம், வங்கிக் கணக்கு எண் அடங்கிய பட்டியலைப் புலனக் குழுவில் பகிர்வது இன்றும் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் 200 பேர் குழுவில் போட்ட பட்டியலைத் திரும்ப எடுக்க முடியாது. ஏழைக் குடும்பங்களின் பட்டியல் மோசடிக்காரர் கையில் கிடைத்தால், அவர் முதலில் அழைப்பது அவர்களைத்தான்.

சங்கங்கள் செய்யக்கூடியவை செலவில்லாதவை.

தேவையில்லாததைக் கேட்காதீர்கள். திருவிழா அன்னதானப் பதிவுக்கு அடையாள அட்டை எண் எதற்கு? வாங்காத விவரம் களவுபோகாது.

பட்டியலைப் பார்ப்பவர், திருத்துபவர் யார் யார் என்று செயலவைக் கூட்டத்தில் முடிவு செய்து குறிப்பில் எழுதுங்கள். பொறுப்பாளர் மாறும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். முன்னாள் செயலாளரின் மடிக்கணினியில் பழைய பட்டியல் தங்கிவிடக் கூடாது.

பெயர் அறிவிக்க வேண்டியிருந்தால் பெயரை மட்டும் அறிவியுங்கள். அடையாள எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும் என்றால் அதை மட்டும் போடுங்கள்.

கோப்புக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது பழகிய விதி. ஆலயக் கணினி, ஒரு வெளி வன்தட்டு, பூட்டிய இணையச் சேமிப்பு என்று வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

வேலை முடிந்த பட்டியலை அழித்துவிடுங்கள். காகிதமானால் கிழித்து எரியுங்கள். பலகாரம் மடிக்கும் கடைக்குப் போடாதீர்கள்.

தனிமனிதர் செய்ய வேண்டியவை

அடையாள அட்டையின் நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, "இன்ன விண்ணப்பத்திற்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கொடுங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைத்திருங்கள். வங்கி அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும், உறவினரே கேட்டாலும், கொடுக்காதீர்கள். இணைப்பு வழியாக வரும் செயலியை இறக்காதீர்கள்.

இ.பி.எஃப்., சொக்சோ, வங்கி ஆகியவற்றில் உங்கள் பெயரும் எண்ணும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இப்போதே சரிபாருங்கள். பிழை இருந்தால் உடலில் தெம்பு இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவிலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலும் திருத்திக்கொள்வது, பிறகு பிள்ளைகள் அலைவதைத் தவிர்க்கும்.

உங்கள் விவரங்களை ஒப்பித்து யாராவது மிரட்டினால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பிறகு நீங்களாகவே அந்த அலுவலகத்தின் அதிகாரபூர்வ எண்ணைத் தேடி அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைத்து, போலீசிலும் புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்கிற்கு மாறும் முன் முடக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். "நம் ஐ.சி. எண் தெரிந்தவர் எல்லாம் அதிகாரி இல்லை" என்ற ஒரு வரியையும் அதன் கீழே சேர்த்து எழுதுங்கள்.